நான்கு வினாடியில் சாதி எங்கே இருந்தது?

(ஏற்காடு அருகே கிளியூரில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



சேலத்திலிருந்து மலையேறி வரும் வழியில் ஒரு பதாகை பார்த்தேன். கையில் வாள், பக்கத்தில் சிங்கம், மேலே ‘ஆண்ட பரம்பரை’ என்று எழுத்து. வீரம் எங்கள் இரத்தத்தில் இருக்கிறது என்கிறார்கள். இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

நம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று இந்த மலையின் மலையாளி மக்கள் வழிவழியாகச் சொல்வது உண்டு. அதே காஞ்சிபுரம் பக்கத்தில் கீழ் ஒட்டிவாக்கம் என்று ஓர் ஊர். அங்கே பிறந்தவர் சுபேதார் சுப்பிரமணியன். மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படையில் இருந்தார். துப்பாக்கிக்காரன் முன்னேறுவதற்குப் பாலம் போடுவதும், பாதை வெட்டுவதும், கண்ணிவெடி எடுப்பதும் அந்தப் படையின் வேலை.

1944 பிப்ரவரி. இத்தாலியில் மிஞ்ஞானோ என்ற இடம். கண்ணிவெடி புதைத்த நிலத்தில் வழி ஏற்படுத்துகிறார்கள். கண்டறியும் கருவியோடு முன்னால் போன லான்ஸ் நாயக் ஒரு வெடியை மிதித்துவிட்டார். அந்த வகை வெடி மிதித்தவுடன் வெடிக்காது. நான்கு வினாடி அளவுக்கு நேரம் கொடுத்து, பிறகு மேலே எழும்பி வெடித்து, சுற்றிலும் இரும்புக் குண்டுகளைச் சிதறடிக்கும். தரையில் விழுந்து படுத்துத் தப்பிக்க அந்த நேரம் போதும். சுப்பிரமணியன் தப்பிக்கப் பார்க்கவில்லை. அந்த வெடியின் மேலேயே பாய்ந்து படுத்துக்கொண்டார். கூட இருந்தவர்களைக் காப்பாற்றி, தான் இறந்தார். அவர் இறந்த பிறகு, அதே ஆண்டு ஜூனில் ஜார்ஜ் கிராஸ் பதக்கம் அறிவிக்கப்பட்டது.

அவர் என்ன சாதி என்று நான் சொல்லப் போவதில்லை. அந்த வெடியும் கேட்கவில்லை. யாரைக் காப்பாற்ற விழுந்தாரோ, அவர்கள் என்ன சாதி என்று அவரும் கேட்கவில்லை.

ஆனால் அவரைப் படையில் சேர்த்தவர்கள் கேட்டார்கள். அதுதான் வரலாறு. 1880களில் சென்னைப் படையின் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டுக்காரர்களுக்குப் போர்க்குணம் இல்லை என்று முடிவு கட்டினார். ‘போர்க்குடிகள்’ என்று ஒரு பட்டியல் உருவானது. சென்னைக் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டன. மராட்டியத்தில் மகர்களைப் படையில் சேர்ப்பது 1892 வாக்கில் நின்றது. அண்ணல் அம்பேத்கரின் தந்தை ராம்ஜி அந்தப் படையில் சுபேதாராக இருந்தவர். வெள்ளைக்காரன் கண்டுபிடித்ததாகச் சொல்லும் இந்தத் தத்துவம் நமக்குப் புதிதா? சத்திரியனுக்கு வீரம், சூத்திரனுக்கு ஊழியம், மற்றவனுக்கு ஊருக்கு வெளியே இடம் என்ற அதே மனுதர்மம்தான் காக்கிச் சட்டை போட்டு வந்தது.

கலைப்புக்குத் தப்பி நின்றது மெட்ராஸ் சாப்பர்ஸ். பறையர் மக்கள் பெருமளவில் சேர்ந்து பணியாற்றிய படை அது. ‘போர்க்குணம் இல்லாத’ தென்னாட்டிலிருந்து வந்த அந்தப் படையின் ஆள்தான் இத்தாலியில் வெடியின் மேல் படுத்தார். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டதும் பட்டியல் கிழிந்தது. வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அம்பேத்கர் இடம்பெற்ற அதே 1941இல் மகர் படைப்பிரிவு உருவானது.

அது ஏகாதிபத்தியங்களின் போர். போரை நான் புகழவில்லை. அந்த நான்கு வினாடியைப் புகழ்கிறேன். வாளைத் தூக்கி அடுத்தவனை மிரட்டுவது வீரம் என்றால், அடுத்தவனுக்காகத் தன் உடம்பைக் கொடுத்ததற்கு என்ன பெயர் வைப்பீர்கள்?

பட்டியல் முழுதாகக் கிழிந்துவிட்டதா? இல்லை. குடியரசுத் தலைவரின் மெய்க்காப்பாளர் படையில் இன்றும் ராஜபுத்திரர், ஜாட், ஜாட் சீக்கியர் என்ற மூன்று பிரிவினரைத்தான் சேர்க்கிறார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. சாதி பார்க்கவில்லை, ஒரே மாதிரி உயரமும் தோற்றமும் தேவைப்படுகிறது என்கிறார்கள். நாட்டின் முதல் குடிமகன் பழங்குடிப் பெண்ணாக இருக்கலாம். அவருக்குக் காவல் நிற்க ஒரு பழங்குடி இளைஞனால் முடியாதா?

இந்த மலையிலிருந்து ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடிப் பழகும் தம்பிகளுக்குச் சொல்கிறேன். வீரம் பிறப்பில் வருவதென்று யாராவது சொன்னால், கீழ் ஒட்டிவாக்கத்துச் சுப்பிரமணியனைச் சொல்லுங்கள். அடுத்த மனிதனின் உயிரும் என் உயிரும் ஒன்று என்று நினைக்கிறவனுக்கு வருவது அது. அப்படி நினைக்கவிடாமல் தடுப்பதுதான் சாதி.

ஜெய் பீம்.