இசையாசிரியரும் இணையக் குடிமையும்



சங்கீத ஆசிரியராக வரவேண்டும் என்று ஒரு பிள்ளை சொல்லுமாயின், அதனைக் கேட்டு முழுமனத்தோடு மகிழும் பெற்றோர் நம்மிடையே சிலரே. மருத்துவம், பொறியியல் என்னும் இரண்டுக்கும் அப்பால் பிள்ளையின் எதிர்காலத்தை எண்ணிப் பார்க்க நாம் தயங்குகின்றோம். இசையை நவராத்திரிப் பூசைக்கும் பரிசளிப்பு விழாவுக்கும் உரிய ஓர் அணிகலனாகவே கருதிவிடுகின்றோம். ஆயினும் நம் பாடசாலைகளிலே 6 ஆம் தரம் முதல் 9 ஆம் தரம் வரை பிள்ளைகள் யாவரும் அழகியற் பாடம் ஒன்றைக் கற்று வருகின்றனர். சங்கீதம் அவற்றுள் ஒன்று. ஆகவே சங்கீத ஆசிரியர் பாடசாலைக்குப் புறம்பானவர் அல்லர். அவருடைய பணி இக்காலத்தில் எவ்வளவு விரிந்துள்ளது என்பதையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகின்றேன்.

கல்வியியற் கல்லூரியிலே ஈராண்டு பயின்றவர்கள் மூன்றாம் ஆண்டிலே பயிற்சிக்காக ஒரு பாடசாலைக்கு அனுப்பப்படுவது வழக்கம். அவ்வாறு எமது பாடசாலைக்கு வந்த சங்கீத ஆசிரிய மாணவி ஒருவரிடம், அவருடைய எதிர்கால நோக்கங்களை எழுதித் தருமாறு கேட்டேன். அவர் மூன்றினை எழுதியிருந்தார். வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளில் எஞ்சியவற்றை முடித்தல் ஒன்று. 1960 ஆம் ஆண்டிலே மருதனார்மடத்தில் இராமநாதன் சங்கீத அக்கடமியாகத் தோன்றி, இன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் அங்கமாக விளங்கும் நிலையத்திலே பட்டம் பெறுதல் மற்றொன்று. இவ்விரண்டும் எதிர்பார்க்கத்தக்கனவே. மூன்றாவது நோக்கமே என்னை நிமிர்ந்து உட்காரச் செய்தது. பிள்ளைகளுக்கு இணையத்திலே ஒழுகும் முறையைக் கற்பித்தல் என்று அவர் எழுதியிருந்தார்.

இதனைக் கல்வியாளர் டிஜிட்டல் குடியுரிமை என்பர். உரிமையோடு கடமையும் அதனுள் அடங்குதலால், இணையக் குடிமை என்று அதனைச் சொல்லுதல் பொருந்தும். திருக்குறளிலே குடிமை என்று ஓர் அதிகாரமே உண்டு. நல்லொழுக்கமும் உண்மையும் பழிக்கு அஞ்சுதலும் அங்கே பேசப்படுகின்றன. இணையத்திலே வாழ்வதற்கும் இவற்றின் வேறானவை வேண்டியதில்லை.

"இது தகவல் தொழினுட்ப ஆசிரியரின் வேலையன்றோ?" என்று அந்த ஆசிரிய மாணவியைக் கேட்டேன். "பிள்ளைகளுடைய குரல் இப்போது என் வகுப்பறைக்கு வெளியேயும் போகின்றது, சேர். அங்கே அதற்கு என்ன நேருகின்றது என்று நான் பார்க்கவேண்டாமா?" என்று அவர் விடை பகர்ந்தார்.

அந்தக் குரல் வெளியே போன வரலாற்றைச் சற்றே நினைவுபடுத்திக் கொள்வோம். 2020 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டன. பாடங்கள் கைத்தொலைபேசி வழியாக நடைபெறலாயின. கணிதத்தை ஒருவாறு அவ்வழியிலே கற்பிக்கலாம். சங்கீதத்தைக் கற்பிப்பது எளிதன்று. இணையத்தின் வழியே ஒலி சென்று சேர்வதற்குச் சிறிது நேரம் பிடிக்கின்றது. கணப்பொழுதின் ஒரு கூறேயாயினும், தாளம் பிசகுவதற்கு அது போதும். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து ஒரு சரளிவரிசையைத்தானும் பாட இயலாது. இடைவிடாது ஒலிக்கும் தம்புராவின் நாதத்தை வேண்டாத இரைச்சல் என்று கொண்டு நீக்கிவிடும் செயலிகளும் உள. ஆதலினால், "பாடிப் பதிவு செய்து அனுப்புங்கள்" என்று சொல்வதே வழியாயிற்று. பாடசாலைகள் மீண்டும் திறந்த பின்னரும் அப்பழக்கம் நின்றுவிடவில்லை. பிள்ளைகளின் குரல்கள் பல கைத்தொலைபேசிகளிலே தங்கிவிட்டன.

அதனால் விளைந்த ஒரு துன்பத்தை நான் கண்டிருக்கின்றேன். பதின்மூன்று வயது மாணவன் ஒருவன். குரல் உடையும் பருவம். மேற்சட்சத்தைத் தொட முயன்ற வேளையிலே அவன் குரல் பிளந்தது. வகுப்புக் குழுவுக்கு அவன் அனுப்பிய அப்பதிவை எவனோ ஒருவன் வெட்டி எடுத்து, அதனோடு ஒரு விலங்கின் படத்தையும் சேர்த்துப் பரப்பினான். இரண்டு நாளிலே அயற் பாடசாலைப் பிள்ளைகளும் அதைக் கேட்டுச் சிரித்தனர். அந்த மாணவன் பாடுவதை நிறுத்தினான். பின்னர் சங்கீத பாடவேளைகளிலே வகுப்புக்கு வராமலும் இருந்தான்.

முன்னாளிலே வானொலி நிலையத்திலிருந்து நேரடியாகப் பாடிய வித்துவான்களுக்கும் சில வேளைகளில் சுரம் பிசகியதுண்டு. அது காற்றோடு போயிற்று. இன்று ஒரு குழந்தையின் பிசகு காற்றோடு போவதில்லை. தவறு செய்யாமல் இசை கற்றவர் எவருமிலர். தவறு செய்வதற்குப் பாதுகாப்பான இடம் இல்லையாயின், கற்றலே இல்லாது போகும்.

கைத்தொலைபேசிகளை அடியோடு தடை செய்யவேண்டும் என்று ஆசிரியர் சிலர் கூறினர். பாடசாலை நேரத்துக்கு அது சரியே. ஆனால் வாயிலைத் தாண்டியதும் தடை முடிந்துவிடும். பரப்பியவனைக் கண்டித்தோம். கண்டனம் அவன் ஒருவனுக்கே பாடமாயிற்று. ஏனைய பிள்ளைகளுக்கு என்ன சொல்வது என்று நாம் ஆலோசித்தபொழுது, அந்த ஆசிரிய மாணவி தம் சங்கீத வகுப்பிலிருந்தே மூன்று பாடங்களை எடுத்துத் தந்தார்.

முதலாவது முத்திரை. தியாகராஜர் தம் கீர்த்தனைகளிலே தம் பெயரையே முத்திரையாக வைத்தார். முத்துசுவாமி தீட்சிதருக்கு குருகுஹ என்பதும், சியாமா சாஸ்திரிகளுக்கு சியாமகிருஷ்ண என்பதும் முத்திரைகள். பாடுபவர் எவராயினும், பாட்டு யாருடையது என்பதை மறைக்க இயலாதவாறு நம் முன்னோர் செய்துவைத்த ஏற்பாடு இது. பெயரைச் சொல்லாது விட்டால் நேர்வது யாது? மயிலைக் கற்பகாம்பாள் மீது அமைந்த இராகமாலிகை ஒன்றை டி. எம். சௌந்தரராஜனின் குரலிலே கேட்டு உருகாதவர் அரியர். அதனை இயற்றியவர் நமது இணுவிலைச் சேர்ந்த வீரமணி ஐயர் என்பதை அறிந்தவர் எத்தனை பேர்? பிறர் ஆக்கத்தை இணையத்திலே பகிரும்போது ஆக்கியோன் பெயரைச் சொல்லுதல் வேண்டும் என்பதைப் பிள்ளைகள் இதனாற் கற்றனர். சட்டமும் இதனையே சொல்கின்றது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், தன் ஆக்கத்திலே தன் பெயர் குறிக்கப்படும் உரிமையை ஆக்கியோனுக்கு அளித்துள்ளது. ஆக்கத்தின் பொருளாதார உரிமைகளையும் அவர் வாழ்நாள் முழுவதும், மறைந்த பின் 70 ஆண்டு வரையும் காக்கின்றது.

இரண்டாவது, சாதகம் வேறு அரங்கேற்றம் வேறு என்னும் பாடம். சாதகம் குருவின் செவிக்கு மட்டும் உரியது. அரங்கேற்றம் ஊருக்கு உரியது. எது எப்பொழுது மேடையேறலாம் என்பதைக் குருவும் மாணாக்கரும் சேர்ந்தே முடிவு செய்வர். ஆகவே வகுப்பிலே ஒரு விதி உண்டாயிற்று. பயிற்சிப் பதிவுகள் ஆசிரியருக்கு மட்டும் அனுப்பப்படும். திருத்தம் சொன்னபின் அவை அழிக்கப்படும். பாடியவர் சம்மதியாமல் ஒன்றும் வெளியே போகாது. குழந்தையின் பாட்டைப் பெருமையோடு முகநூலில் இடும் பெற்றோருக்கும் இவ்விதி பொருந்தும் என்று அவர் துணிந்து சொன்னார்.

மூன்றாவது, சுருதி சேர்த்தல். வாய் திறக்குமுன் செவி திறக்கவேண்டும். இக்காலத்திலே ஒருவருடைய குரற்பதிவிலிருந்து, அவர் சொல்லாததையும் பாடாததையும் அவர் குரலிலேயே செயற்கை நுண்ணறிவு உண்டாக்கிவிடுகின்றது. குரலைக் கேட்டேன் என்பது மட்டும் இனிச் சான்றாகாது. எங்கிருந்து வந்தது, யார் அனுப்பினார், எதற்காக என்று கேட்டுத் தெளியுமுன் எதனையும் அடுத்தவருக்கு அனுப்பலாகாது.

2024 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நம் நாட்டிலே நிறைவேறியதையும், கருத்துச் சுதந்திரம் பற்றி அதன்மேல் எழுந்த வாதங்களையும் நீங்கள் அறிவீர்கள். அவ்வாதம் எவ்வாறு முடியினும், சட்டம் பெரும்பாலும் தீங்கு நேர்ந்த பின்னரே வந்து சேரும். பதின்மூன்று வயதிலே ஒருவன் விரலை நிறுத்தச் செய்வது பழக்கமே. அப்பழக்கத்தை வாரந்தோறும் ஊட்டக்கூடிய ஆசிரியருள் சங்கீத ஆசிரியரும் ஒருவர்.

அந்த மாணவன் உடனே பாடவில்லை. ஒரு தவணை முழுவதும் அவன் தாளம் மட்டும் போட்டான். அடுத்த தவணையிலே, தாழ்ந்த சுருதியில், ஏனையோரோடு சேர்ந்து பாடினான். தனியே பாட இன்னும் கூசுகின்றான். ஒரு கணத்திலே செய்த கேலியை ஆற்றுவதற்கு இத்துணைக் காலம் வேண்டியிருக்கின்றது.

ஆகவே பெற்றோரிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இன்றிரவு உங்கள் கைத்தொலைபேசியிலே ஏதேனும் ஒரு குழந்தையின் பாட்டு வந்து, அதனை மற்றவருக்கு அனுப்ப எண்ணுவீர்களாயின், அந்தக் குழந்தை அதற்குச் சம்மதித்ததா என்று கேளுங்கள். அது உங்கள் குழந்தையாயின் அடுத்த அறையிலேயே இருக்கும். கேட்பதற்கு அதிக நேரம் செல்லாது.