மாலை ஆறு மணிக்குப் பின் மின்சாரம்
(வண்டன்மேட்டில் நடைபெற்ற கட்சி உறுப்பினர் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



ஏலத்தோட்டங்கள் சூழ்ந்த இந்த மலையில் கோடைகால மின்சேமிப்பைப் பற்றிப் பேசுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயங்களில் வாழும் தொழிலாளி எதைச் சேமிக்க முடியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

2024 கோடையில் கேரளம் கடும் வெப்பத்தைச் சந்தித்தது. நம் மாவட்டத்தில் ஏலச்செடிகள் கருகின. அதே நாட்களில் மாநிலத்தின் ஒரு நாள் மின்நுகர்வு 11 கோடி யூனிட்டைத் தாண்டியது. உச்சநேரத் தேவை 5,700 மெகாவாட்டைக் கடந்தது. சுமை தாங்காமல் மின்மாற்றிகள் பல பழுதடைந்தன. மாலைக்குப் பிறகு நுகர்வைக் குறைக்குமாறு மின்வாரியம் மக்களை வேண்டிக்கொண்டது.

நெருக்கடி ஏன் மாலையில் வருகிறது? பகலில் சூரிய மின்சாரம் கைகொடுக்கிறது. பொழுது சாய்ந்ததும் அது நின்றுவிடுகிறது. வீடுகளில் விளக்கும் விசிறியும் குளிர்சாதனமும் ஒருசேர இயங்கத் தொடங்குகின்றன. அப்போது இரண்டே வழிகள்: அணை நீரைத் திறக்க வேண்டும், அல்லது வெளியிலிருந்து வாங்க வேண்டும். கேரளம் தன் தேவையின் பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் பெறுகிறது. மின்சந்தையில் ஒரு யூனிட்டின் உச்சவிலை 2023 முதல் 10 ரூபாய். சிறு நுகர்வோர் செலுத்தும் கட்டணத்தைப் போல இது இருமடங்குக்கும் மேல். இந்தச் சுமை இறுதியில் கட்டண உயர்வாக மக்கள் தலையிலேயே இறங்கும்.

அணைக் கணக்கையும் பார்ப்போம். 1976இல் இயங்கத் தொடங்கிய இடுக்கி மின்திட்டத்தின் மூலமற்றம் நிலையம் 780 மெகாவாட் திறன் கொண்டது. தண்ணீர் அங்கே ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்திலிருந்து பாய்கிறது. அப்படியிருந்தும் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 650 லிட்டர் தண்ணீர் தேவை. 60 வாட் குண்டு பல்புகள் நான்கு, ஐந்து மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட் செலவாகும். 9 வாட் எல்இடி பல்புகளுக்கு 0.18 யூனிட் போதும். ஒரு வீட்டின் ஒரு மாலைப்பொழுதில் 650 லிட்டருக்கும் மேற்பட்ட நீர் மிச்சமாகிறது. அந்த நீர் மே மாத இறுதிவரை அணையில் இருக்கும்.

ஆனால் சேமிப்பின் பாரம் எல்லோருக்கும் சமமல்ல. ஓர் அறையில் ஒரு விளக்கும் ஒரு விசிறியும் வைத்திருப்பவரிடம் சிக்கனம் போதிப்பது அநீதி. அவருக்கு வெளிச்சமும் காற்றும் உரிமை. அதிகம் நுகர்பவர் அதிகம் குறைக்க வேண்டும். குளிர்சாதனத்தை 26 டிகிரியில் வைக்கட்டும். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சமாகும். பழைய விசிறி 75 வாட் எடுக்குமிடத்தில் பிஎல்டிசி விசிறி 30 வாட்டில் சுழலும். ஆனால் அதன் விலை தோட்டத் தொழிலாளியின் கைக்கு எட்டாது. எனவே தவணையில் வழங்கக் கோர வேண்டும். குண்டு பல்புகளுக்குப் பதிலாக எல்இடி பல்புகளை மின்வாரியம் வழங்கிய முன்னுதாரணம் கேரளத்தில் இருக்கிறது.

இது அரசியல் பிரச்சினையும் ஆகும். மின்விநியோகத்தில் தனியாருக்குக் கதவு திறக்கும் மின்சாரத் திருத்த மசோதா 2022 ஆகஸ்டில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. மின் ஊழியர்களும் விவசாயிகளும் அதை எதிர்த்தனர். பொதுத்துறை வாரியம் கடனில் மூழ்கினால் அதுவே தனியார்மயத்துக்குச் சாக்காகும். அதிக விலைக்கு வாங்கும் ஒவ்வொரு யூனிட்டையும் குறைப்பது வாரியத்தைக் காக்கும் வேலைதான்.

ஆகவே கிளைகளின் முன் மூன்று பணிகளை வைக்கிறேன். ஒன்று, இஸ்திரி, கிரைண்டர், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைப் பகலிலேயே பயன்படுத்துமாறு வீடுவீடாகச் சொல்லுங்கள். இரண்டு, எந்த லயத்தில் குண்டு பல்பும் நைந்த வயரிங்கும் இருக்கின்றன என்று கணக்கெடுங்கள். மூன்று, அந்தப் பட்டியலுடன் தோட்ட நிர்வாகத்தையும் மின்வாரிய அலுவலகத்தையும் அணுகுங்கள். வயரிங்கைச் சீர்செய்வது நிர்வாகத்தின் பொறுப்பு என்பதை வலியுறுத்துங்கள். சேமிக்கச் சொல்லும் நாம், சேமிப்பதற்கான வசதியையும் பெற்றுத்தர வேண்டும். அப்போதுதான் நம் சொல்லை மக்கள் ஏற்பார்கள்.