நம் மாவட்டத்தை நாம் அறிவோமா?

(திருச்சியில் வணிகர்களும் இளைஞர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



திருச்சி என்றதும் நத்ஹர் வலி தர்காவும், 1951-ல் தொடங்கப்பட்ட ஜமால் முஹம்மது கல்லூரியும், பெரிய கடைவீதியும், பாலக்கரையும் நம் நினைவுக்கு வருகின்றன. மாவட்டம் இவ்வளவுதானா? காந்தி மார்க்கெட்டில் கடை வைத்திருக்கும் சகோதரரே! உங்கள் கடைக்கு வரும் வாழைத்தார் எந்த ஒன்றியத்தில் விளைந்தது என்று தெரியுமா?

நிலம் சொல்லும் செய்தி

முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. இரண்டு ஆறுகளுக்கும் நடுவே கிடக்கும் தீவுதான் ஸ்ரீரங்கம். அங்குள்ள கோயிலில் துலுக்க நாச்சியார் சன்னிதி இருப்பது உங்களுக்குத் தெரியும். இருவேறு சமுதாயங்கள் அண்டை அயலாக வாழ்ந்த மண் இது. ஆனால் ஸ்ரீரங்கம் வட்டம் தீவோடு முடிவதில்லை. காவிரியின் தென்கரைக் கிராமங்களும் அதில் அடங்கும்.

அந்தநல்லூரிலும் தொட்டியத்திலும் வாழை. லால்குடியில் நெல். மணப்பாறை, மருங்காபுரி, வையம்பட்டிப் பக்கமோ வானம் பார்த்த பூமி. வடக்கே துறையூர், உப்பிலியபுரத்தை ஒட்டிப் பச்சைமலை. மொத்தம் 14 ஊராட்சி ஒன்றியங்கள்.

இந்த எல்லைகளும் நிலையானவை அல்ல. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டமானது. 1995-ல் கரூரும் பெரம்பலூரும் பிரிந்தன. 1994-ல் ஸ்ரீரங்கம் நகராட்சி திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது. எல்லை மாறும்போதெல்லாம் வார்டு மாறுகிறது, வாக்கு மாறுகிறது. நாம்தான் கவனிப்பதில்லை!

எண்ணிக்கை சொல்லும் செய்தி

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 27,22,290. இதில் பாதிக்குச் சற்று அதிகமானோர் கிராமவாசிகள். தமிழகத்தில் முஸ்லிம்கள் 5.86 சதவீதம். நம் மாவட்டத்தில் ஏறத்தாழ 7 சதவீதம். நம்மில் பெரும்பாலோர் நகரத்தில் நெருங்கி வாழ்கிறோம். கிராமத்தில் பத்து வீடு, இருபது வீடு என்று சிதறிக் கிடக்கும் சகோதரர்களின் கபரஸ்தான் பாதையும், பிள்ளைகளின் படிப்பும், ரேஷன் அட்டையும் யார் கவலை?

2006-ல் சச்சார் குழு புள்ளிவிவரங்களை அடுக்கியபோதுதான் நாடு நம் பின்தங்கிய நிலையைப் பேசியது. தமிழகத்தில் 2007-ல் கிடைத்த 3.5 சதவீத இடஒதுக்கீட்டுக்கும் எண்ணிக்கையே வாதமாக நின்றது. கண்ணீர் கோப்பில் ஏறாது சகோதரர்களே, கணக்குதான் ஏறும்!

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முஸ்லிம்களின் பெயர்களை எழுதித் தரச் சொன்னதையும், 1500 ஆண்கள் எழுதப்பட்டதையும் ஹுதைஃபா (ரலி) அறிவிப்பதாக புகாரியில் காண்கிறோம். கணக்கெடுப்பது நமக்குப் புதிதல்ல.

செய்ய வேண்டியது என்ன?

2021-ல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 அடிப்படை நாளாக அறிவிக்கப்பட்டது. அதில் சாதியும் கேட்கப்படும் என்று மத்திய அரசு முடிவு செய்தது. பகலில் நாம் கடையில் இருப்போம். மகன் வளைகுடாவில் இருப்பான். கதவைத் திறப்பது வீட்டுப் பெண்கள். லெப்பையா, ராவுத்தரா, மரைக்காயரா, தக்னியா, ஷேக்கா, சையதா? சான்றிதழில் உள்ளதையே சொல்லும்படி அவர்களுக்கு இன்றே சொல்லி வையுங்கள். பயந்து மறைக்க வேண்டாம். 1948-ம் ஆண்டுச் சட்டப்படி இந்த விவரங்கள் இரகசியமாகக் காக்கப்பட வேண்டியவை. கூட்டிச் சொல்லவும் வேண்டாம். பொய்க் கணக்கு நம் உண்மையான கோரிக்கையையே கெடுத்துவிடும்.

இளைஞர்களே! ஒன்றியத்துக்கு நால்வராகப் புறப்படுங்கள். சிதறிய வீடுகளைத் தேடிச் செல்லுங்கள். விடுபட்ட பெயர் இருந்தால் வாக்காளர் பட்டியலில் சேர்க்க விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். வணிகர்களே! அவர்களின் பஸ் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். மேடையில் முழங்குவதைவிட இது பெரிய பணி.

அல்லாஹ் அருள் புரிவானாக! வஸ்ஸலாம்.