புதிய ஏடு புரட்டுதல்

(இளைஞர் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஒருவன் தன் பழைய தீய வழக்கத்தை விட்டுத் திருந்தத் துணிவதை ஆங்கிலத்தில் 'ரேண் ஓவர் எ நியூ லீஃப்' என்பர். 16ஆம் நூற்றாண்டு முதல் அம்மொழியில் வழங்கிவரும் தொடர் இது. நம் மாணவர் பலர் இதனைக் கட்டுரையிலும் மேடையிலும் விருப்புடன் எடுத்தாளுகின்றனர். பொருளறிந்து ஆளுவோர் சிலரே.

'லீஃப்' என்றதும் மரத்தின் இலை நினைவுக்கு வருகின்றது. இங்கே அது புத்தகத்தின் தாள். யாழ்ப்பாணத்தார்க்கு இது எளிதில் விளங்கும். கொப்பித் தாளை நாம் 'ஒற்றை' என்கின்றோம். பனையோலைச் சுவடியின் இதழையும் நம் முன்னோர் ஒற்றை என்றும் ஏடு என்றும் வழங்கினர். ஆகவே 'புதிய ஏடு புரட்டினான்' என்பதே நேரான தமிழ்.

இனி, பெரிய பிழை ஒன்றுண்டு. மணமக்களை வாழ்த்தும்போதும், புதிய தலைவரை வரவேற்கும்போதும் இத்தொடரைச் சொல்லுகின்றோம். மணமக்கள் முன்பு என்ன குற்றஞ் செய்தார்கள்? பழைய தலைவர் சங்கத்தைக் கெடுத்தா வைத்தார்? வாழ்த்த எண்ணியவர் வைதவராகின்றார்!

விசயதசமியன்று குழந்தைக்கு நாம் செய்வது ஏடு தொடக்கல். அங்கே புதுத் தொடக்கம் மாத்திரமே உண்டு, குற்றமில்லை. ஏடு புரட்டலோ பிழைபட எழுதியவன் செய்வது. இவ்விரண்டையும் வேறு பிரித்தறிந்தால் ஆங்கிலத் தொடரும் பிழையாது.

சுவடியில் ஏட்டைப் புரட்டினால் பழைய ஏடு மறைந்துவிடுவதில்லை. கயிற்றிற் கோத்தபடி கட்டுக்குள்ளேயே இருக்கும். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவர் காலத்திற் பல சுவடிகள் தொட்டாலே நொறுங்கும் நிலையில் இருந்தன. பிழை மலிந்தனவென்று அவர் அவற்றை வீசிவிடவில்லை. பல பிரதிகளை ஒப்புநோக்கி, பொறுமையோடு திருத்தி அச்சேற்றினார். மனிதரைத் திருத்துவதற்கும் அந்தப் பொறுமை வேண்டும்.

எனவே இத்தொடரைத் தன்னைப்பற்றி ஒருவன் சொன்னால் அது பணிவு. பிறரைப்பற்றிச் சபையிற் சொன்னால் அவருடைய பழைய குற்றத்தைப் பறைசாற்றியதாகும். வழி தவறிய இளைஞனொருவன் திருந்தி இச்சங்கத்துக்கு வந்தால், 'இவன் முன்பு இப்படி இருந்தவன்' என்று அவனது பழைய ஏட்டையே நாம் திரும்பத் திரும்ப வாசிப்பது அழகன்று. அவன் புரட்டிய ஏட்டை நாமும் புரட்டவேண்டும். பெரியோரிடம் நாம் வேண்டுவது இதுவே.

இளைஞரிடமும் ஒன்று வேண்டுகின்றோம். சித்திரைக்குச் சித்திரை ஏடு புரட்டி, ஒரு வரியும் எழுதாது விடுவோர் உளர். புரட்டுதல் ஒரு கணத்து வேலை. எழுதுதல் நாடோறும் செய்யவேண்டிய வேலை. இதனை மனத்திருத்திப் புரட்டுவோமாக.