முன்செல்லும் வாகனத்துக்கு இடைவெளி



மகா சிவராத்திரிக்கு யாழ்ப்பாணத்திலிருந்து திருக்கேதீஸ்வரத்துக்கு நாம் வான்களிலும் கார்களிலும் வருகின்றோம். முன்னே மாமாவின் கார். பின்னே நம்முடைய வான். பிரிந்துவிடக் கூடாதே என்று ஒன்றின் வாலை ஒன்று பிடித்தாற்போல் ஓடுகின்றோம். அன்புதான், ஐயமில்லை, ஆனால் பிறேக்குக்கு அது தெரியாது!

பூநகரியிலிருந்து மன்னார் நோக்கி வரும் ஏ 32 வீதியிலே வேகம் தானாகவே கூடிவிடும். மாடுகளோ சொல்லிக்கொண்டு குறுக்கே வருவதில்லை. மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் நாம் விநாடிக்கு 19 மீற்றருக்கு மேல் ஓடுகின்றோம். முன்னவர் பிறேக் பிடிக்க, அந்தச் சிவப்பு விளக்கு நம் கண்ணிற் பட்டு, கால் பிறேக்கை மிதிப்பதற்கே ஏறக்குறைய ஒரு விநாடி சென்றுவிடும். நான்கு சாமப் பூசையும் கண்டு, கண்விழித்த களைப்போடு விடியற்காலை திரும்புகையில் அந்த ஒரு விநாடி எவ்வளவாக நீளும்? விழித்தவர் ஓட்டாதிருப்பதே மேல்.

இடைவெளியை அளப்பது எப்படி? முன்வாகனம் ஒரு மின்கம்பத்தைக் கடந்ததும் நிதானமாக 'நமச்சிவாய' என்று இருமுறை சொல்லுங்கள். ஏறக்குறைய இரண்டு விநாடியாகும். சொல்லி முடிக்குமுன் நாம் அக்கம்பத்தை அடைந்தால் நெருக்கம் அதிகம். எழுபதில் அது 39 மீற்றர். மழையென்றால் நான்குமுறை சொல்லவேண்டும்.

"இடையில் வேறொருவர் புகுந்துவிடுவாரே!" என்பீர்கள். புகட்டும், நாம் மீண்டும் பின்தங்குவோம். மாமாவின் காரைத் தவறவிட்டால் பாலாவிக் கரையிலே சந்திப்பதென்று புறப்படுமுன்பே பேசிக்கொள்வோம்.