நோவும் உடன்படிக்கையும்



கடிதமொன்றிற் கையொப்பமிட்ட பின்னரே மருந்து தருவேன் என்று ஒரு வைத்தியர் கூறினால் நாம் வியப்படைவோம். ஐக்கிய அமெரிக்காவில், நாட்பட்ட நோவினால் வருந்துவோர் பலருக்கு இது வழமையான காரியம். அபினிலிருந்தும் அதனையொத்த இரசாயனப் பொருள்களிலிருந்தும் செய்யப்படும் குளிசைகளை நெடுங்காலம் உட்கொள்ள வேண்டியவர், முதலில் ஓர் உடன்படிக்கையை ஏற்கவேண்டியிருக்கும். ஒரே வைத்தியரிடமே மருந்து பெறுவேன். ஒரே மருந்துக்கடையிலேயே வாங்குவேன். கேட்டபோது சிறுநீரைச் சோதனைக்குக் கொடுப்பேன். அழைத்தால் எஞ்சிய குளிசைகளைக் கொண்டுவந்து எண்ணிக் காட்டுவேன். தொலைந்துபோனால் மறுபடி கேளேன். இவை போன்றவை அதன் விதிகள். மீறினால் மருந்து நிறுத்தப்படலாம்.

இதற்குக் காரணம் இல்லாமலில்லை. ஒக்சிகொன்ரின் என்னும் குளிசை 1996ஆம் ஆண்டில் அங்கு விற்பனைக்கு வந்தது. இது மனிதரை எளிதில் அடிமைப்படுத்தாது என்ற எண்ணம் வைத்தியர்களிடையே பரப்பப்பட்டது. அவ்வாறு பொய்யாக விளம்பரஞ் செய்த குற்றத்தை அதன் உற்பத்தியாளர் சார்ந்த கம்பனி 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. 2012ஆம் ஆண்டில் மாத்திரம் இத்தகைய மருந்துகளுக்கு அந்நாட்டில் 25 கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகள் எழுதப்பட்டன. அளவு மீறி உட்கொண்டு மாண்டோர் ஆயிரக்கணக்கினர்.

அச்சம் மறுபக்கம் திரும்பிற்று. 2016இல் நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஒரு வழிகாட்டியை வெளியிட்டது. நாளொன்றுக்கு 90 மில்லிகிராம் மோர்பினுக்கு ஈடான அளவைத் தாண்டுவதைத் தவிர்க்குமாறு அது சாதாரண வைத்தியர்களுக்கு ஆலோசனை கூறியது. ஆலோசனை, கட்டளையன்று. ஆயினும் மாநிலங்களும் காப்புறுதிக் கம்பனிகளும் அதைக் கட்டளையாகவே கொண்டன. ஆண்டுக்கணக்கில் அமைதியாக மருந்துண்டு வேலைக்குச் சென்றுவந்தவர்களுக்குக்கூட மருந்து திடீரெனக் குறைக்கப்பட்டது; சிலருக்கு அறவே நின்றது.

இங்கே ஒரு வேற்றுமையை நாம் உணரவேண்டும். உடல் மருந்துக்குப் பழகுவது வேறு; மனிதன் மருந்துக்கு அடிமையாவது வேறு. பழகிய உடலிலிருந்து மருந்தைச் சடுதியாகப் பிடுங்கினால், அடிமையாகாதவருக்கும் வியர்வை, வாந்தி, உறக்கமின்மை, முன்னிலும் மிக்க நோவு யாவும் வரும். 2019 ஏப்ரிலில் அமெரிக்க உணவு, மருந்து நிருவாகமே எச்சரித்தது: திடீரென நிறுத்தப்பட்டவர்களிடையே கடும் துன்பமும் தற்கொலையும் அறியப்பட்டுள்ளன என்று.

நான் பாடசாலை அதிபர். ஒழுங்கு தவறிய மாணவரின் பெற்றோரிடம் எத்தனையோ உறுதிமொழிக் கடிதங்களை வாங்கி அலுமாரியில் அடுக்கி வைத்திருக்கிறேன். ஒருமுறை ஒரு தகப்பனார் கையொப்பமிட்டுவிட்டுத் தாளைப் புரட்டிப் பார்த்து, "ஐயா, நீங்கள் எவ்விடத்தில் வைப்பீர்கள்?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகவே இடந்தேடினார். எனக்கு விடை வரவில்லை. அமெரிக்க உடன்படிக்கைகளைப் பற்றி வாசித்தபோது அவர் முகமே நினைவுக்கு வந்தது. அவற்றிலே வைத்தியரும் ஒப்பமிடுவதுண்டு. ஆனால் நோயாளி தவறினால் நேர்வது விரிவாக எழுதப்பட்டிருக்கும். வைத்தியர் கைவிட்டால் நேர்வதைப் பெரும்பாலும் காணமாட்டோம்.

கைவிடப்பட்டவர் எங்கே போவார்? மிச்சிகன் மாநிலத்தில் ஆய்வாளர் சிலர், இத்தகைய நோயாளியின் பிள்ளை பேசுவதுபோல 194 வைத்தியசாலைகளைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தனர். முடிவு 2019இல் வெளிவந்தது. 79 இடங்களில் அம்மருந்தை எழுதமாட்டோம் என்றனர்.

2022 நவம்பரில் வழிகாட்டி திருத்தப்பட்டது. அளவெல்லை சட்டம்போல் ஆளப்படலாகாது என்றும், உயிராபத்து நெருங்கினாலன்றித் திடீரென நிறுத்தலாகாது என்றும் அது கூறுகிறது. ஓராண்டுக்கு மேல் உண்டவருக்குக் குறைப்பதாயின், மாதம் பத்தில் ஒரு பங்கு, அல்லது அதனிலும் மெதுவாகக் குறைப்பதே தாங்கத்தக்கது என்கிறது. அப்படிக் குறைப்பதற்கும் மாதந்தோறும் ஒருவர் சீட்டு எழுதவேண்டும்.