முதுகை நிமிர்த்தும் வலிமை

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"கூன் போடாதேடா, நிமிர்ந்து உட்காரு!" இந்த அதட்டலைக் கேட்காத வீடு உண்டா? பிள்ளையும் நிமிர்கிறான், ஐந்து நிமிடத்தில் மீண்டும் சாய்கிறான். உடனே "சோம்பேறி" என்கிறோம். பிசியோதெரபி துறையில் பணிபுரிபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் அது சோம்பல் அல்ல; தசை களைத்துவிட்டது. களைத்த தசையை அதட்டி என்ன பயன்?

முதுகெலும்பு கூடாரக் கம்பத்தைப் போன்றது. கம்பத்தை நிறுத்துபவை கயிறுகள். வயிறு, இடுப்பு, முதுகுத் தசைகளே அந்தக் கயிறுகள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹாட்ஜஸ், ரிச்சர்ட்சன் இருவரும் 1996இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாம் கையை உயர்த்துமுன்பே வயிற்றின் ஆழத்திலுள்ள தசை இறுகி, முதுகுக்கு முட்டுக்கொடுத்துவிடுகிறது. முதுகுவலியால் அவதிப்பட்டவர்களிடம் அந்தத் தசை தாமதமாகவே விழித்துக்கொண்டது!

மாணவர்களே, தினமும் 10 நிமிடம் ஒதுக்குங்கள்.

முதலாவது: குழந்தை தவழ்வதுபோல் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றுங்கள். வலக்கையை முன்னாலும் இடக்காலைப் பின்னாலும் நீட்டி, 10 விநாடி அசையாமல் இருங்கள். பிறகு மாற்றிச் செய்யுங்கள்.

இரண்டாவது: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள்.

மூன்றாவது: கால்நீட்டி உட்கார்ந்து, தொடையின் பின்புறம் இழுபடும்வரை முன்னே குனிந்து, 30 விநாடி இருங்கள். வெடுக்வெடுக்கென்று குலுக்காதீங்க, மூச்சை அடக்காதீங்க. இழுப்பு தெரியலாம், வலி கூடாது.

பெற்றோர்களே, எவ்வளவு நேராக உட்கார்ந்தாலும், ஒரே நிலையில் நெடுநேரம் இருந்தால் உடம்பு நோகும். அரைமணிக்கு ஒருதரம் பிள்ளையை எழுப்பி நடக்க விடுங்கள். டியூஷன் முடிந்து வந்தால் கைப்பேசியைக் கொடுக்காமல் திடலுக்கு அனுப்புங்கள். 5 முதல் 17 வயதினருக்கு நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட ஓட்டமும் ஆட்டமும் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வலியுறுத்தியது.

இன்னொன்று. "முதுகு வலிக்குதும்மா" என்று பிள்ளை சொன்னால், பள்ளிக்கு மட்டம் போடப் பார்க்கிறான் என்று தள்ளிவிடாதீர்கள். வலி இரவுத் தூக்கத்தைக் கெடுத்தாலோ, காய்ச்சலோடு வந்தாலோ, கால் மரத்துப்போனாலோ, பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்று பரிசு பெறும் பிள்ளைகள் நிமிர்ந்து மேடையேறக் கண்டு மகிழ்கிறோம். பரிசு பெறாத பிள்ளையும் வாழ்நாளெல்லாம் நிமிர்ந்து நடக்க வேண்டாமா? இன்றிரவு அதட்டலை விட்டுவிட்டுப் பாயை விரியுங்கள். பிள்ளையோடு நீங்களும் சேர்ந்து செய்யுங்கள்.